நிரல் நின்ற இடமும் தவறு நடந்த இடமும்

மேல்நிலை வகுப்பில் சி++ கற்பிக்கும் நமக்கெல்லாம் பழகிப்போன புகார் ஒன்று உண்டு: “நேத்து ஓடுச்சு சார், இன்னிக்கு ஓடல.” மாணவர் பொய் சொல்லவில்லை. நினைவகப் பிழையின் இயல்பே அதுதான். நிரல் நின்றுபோகும் வரி ஒன்றாகவும், தவறு நடந்த வரி வேறொன்றாகவும் இருக்கும். இதை அறியாத மாணவர் நின்ற வரியைக் குற்றவாளியாக்கி, சரியாக எழுதியதையே அழித்துவிடுகிறார். அப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் கணினிப் பாடமே தனக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். எனவே பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளை இதற்கென்றே ஒதுக்கி வருகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு லினக்ஸின் ‘பெர்ஃப்’ கருவி. இதிலுள்ள வகுப்பறைச் செயல்பாட்டுக்குக் கணினி தேவையில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம்.

கணினி ஏன் மெதுவாக ஓடுகிறது, எந்தச் செயற்கூறு மையச் செயலகத்தின் நேரத்தை விழுங்குகிறது என்று அளந்து சொல்வது பெர்ஃப். 2009இல் லினக்ஸ் உட்கருவின் 2.6.31 பதிப்போடு வந்தது. பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம். இயல்பான அமைப்பில் வினாடிக்குச் சுமார் 4000 முறை, ‘இந்தக் கணத்தில் எந்த முகவரியில் வேலை நடக்கிறது’ என்று குறித்துக்கொள்ளும். அறிக்கை தயாரிக்கும்போது, அந்த முகவரி எந்த நிரல் கோப்பைச் சேர்ந்தது என்று தேட வேண்டும். அதற்காக ‘மேப்’ எனப்படும் சிறு பதிவுகளை நினைவகத்தில் வைத்திருக்கும். ஒரே பதிவை நிரலின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்.

எல்லோரும் பயன்படுத்தி முடித்த பின் அதை யார் அழிப்பது? பன்னிரண்டாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் பைத்தான், ஒரு பொருளை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று தானே எண்ணிக்கொண்டு, சுழியம் ஆனதும் அழித்துவிடும். சி மொழியில் நிரலரே எண்ண வேண்டும். பெர்ஃபில், பெறுகிறவர் ‘கெட்’ என்று அழைத்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். முடித்தவர் ‘புட்’ என்று அழைத்தால் ஒன்று குறையும். ஒரு ‘புட்’ விடுபட்டால் நினைவகம் கசியும். ஒரு ‘புட்’ கூடிப்போனால் நிலைமை அதைவிட மோசம்.

இதை விளக்க வகுப்புக்கு ஓர் அட்லஸ் போதும். நான்கு மாணவர்கள் அதைச் சுற்றி அமர்ந்து படிக்கட்டும். வந்து சேரும்போது கரும்பலகையில் ஒரு கோடு போட வேண்டும். போகும்போது ஒரு கோட்டை அழிக்க வேண்டும். கோடே இல்லாவிட்டால் வகுப்புத் தலைவர் அட்லஸை எடுத்து அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவார். ஒரு மாணவரிடம் மட்டும், போகும்போது இரண்டு கோடுகளை அழிக்குமாறு முன்பே ரகசியமாகச் சொல்லிவையுங்கள். மூன்று பேர் போனதும் பலகை காலியாகிவிடும். நான்காமவர் படித்துக்கொண்டிருக்கும்போதே அட்லஸ் கைமாறும். யார்மேல் தவறு என்று வகுப்பைக் கேட்டால், பெரும்பாலோர் அந்த நான்காமவரைத்தான் காட்டுவார்கள். விதிப்படி நடந்தவர் அவர்தான்! இரண்டு கோடு அழித்தவர் எப்போதோ தன் இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். சிறு வயதுக் குழந்தைகளுக்குக்கூட இது சட்டென்று புரிகிறது.

விடுவித்த நினைவகத்தில் பழைய மதிப்பு சில நேரம் அப்படியே கிடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அட்லஸை இன்னும் யாரும் எடுத்துப்போகவில்லை என்றால் நான்காமவர் தொடர்ந்து படிக்கலாம் அல்லவா? ‘நேற்று ஓடியது’ என்பதன் விளக்கம் இதுதான்.

தேடுவதற்குக் கருவிகள் உண்டு. ‘வால்கிரைண்ட்’ பழையது, நம்பகமானது. ஆனால் நிரலை 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாக்கும். கூகுள் பொறியாளர்கள் 2012இல் விவரித்த ‘அட்ரஸ் சானிடைசர்’ சுமார் இரு மடங்கு நேரமே எடுக்கும். விடுவித்த இடத்தை உடனே வேறொருவருக்குத் தராமல் சிறிது காலம் ஒதுக்கி வைத்து, யாராவது தொட்டால் நிரலை அங்கேயே நிறுத்தும். எங்கே தொட்டது, எங்கே விடுவித்தது, எங்கே ஒதுக்கியது என்ற மூன்றையும் அச்சிடும். மாணவரின் சிறு நிரலுக்கு இவ்வளவு போதும்.

பெர்ஃபுக்குப் போதவில்லை. ஒரு பதிவு கசிந்தது என்றால் அதை உருவாக்கிய இடத்தைக் கருவி காட்டும். ஆனால் அதன் பிறகு பல இடங்களில் ‘கெட்’ நடந்திருக்குமே, யார் திருப்பித் தரவில்லை? எண்ணிக்கைக்குப் பெயர் தெரியாது. 2023இல் இயன் ரோஜர்ஸ் என்ற நிரலர் இதற்குச் சேர்த்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சோதனைக்காகத் தொகுக்கும்போது, ஒவ்வொரு ‘கெட்’டும் தனக்கென ஒரு சிறு நினைவகச் சீட்டைப் புதிதாக ஒதுக்கும், உண்மையான பதிவை அந்தச் சீட்டு சுட்டும். ‘புட்’ செய்யும்போது சீட்டு அழியும். திருப்பித் தராதவரின் சீட்டு கசிவாக மிஞ்சும். அதைப் பெற்ற வரியைக் கருவி சொல்லிவிடும். ஒருவரே இருமுறை திருப்பினால் அழிந்த சீட்டை மீண்டும் அழித்தவராக அங்கேயே பிடிபடுவார். வழக்கமான பயன்பாட்டுக்குத் தொகுக்கும்போது இந்தச் சுமை எதுவும் இல்லை.

அட்லஸ் செயல்பாட்டின் இரண்டாம் சுற்றில், கோடுகளுக்குப் பதிலாகப் பெயர் எழுதிய சீட்டுகளைக் கொடுங்கள். இரண்டு முறை திருப்பித் தர முயல்பவரிடம் இரண்டாவது சீட்டு இருக்காது. வகுப்பே சிரிக்கும்.

அடுத்த பாடவேளை ஆய்வகத்தில். உபுண்டு நிறுவிய ஒரு கணினி இருந்தால் போதும். ஐந்து முழு எண்கள் கொண்ட அணியை ‘நியூ’ மூலம் உருவாக்கி, ‘டெலீட்’ செய்து, பின் ஐந்தாம் உறுப்பை அச்சிடச் சொல்லுங்கள். சாதாரணமாக ஓட்டினால் பெரும்பாலும் பழைய மதிப்பே வரும். மாணவர்கள் சரி என்பார்கள். அதே நிரலை அட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து ஓட்டினால் நின்றுவிடும். திரையில் வரும் மூன்று இடங்களையும் செய்முறைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறேன்.

திருத்திய நிரலுக்கு நான் தருவது பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி, ‘எந்த வரியில் நின்றது, எந்த வரியில் தவறு, எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்ற கேள்விக்கான விடைக்கு.