கல்லடைப்பைப் பாடமாக நடத்துவது எப்படி?

சிறுநீரகக் கல் பாடத்தைக் கற்களின் வகையிலிருந்து தொடங்காதீர்கள். கால்சியம் ஆக்சலேட், யூரிக் அமிலம், ஸ்ட்ரூவைட், சிஸ்டின் என்று பலகையில் வரிசையாக எழுதினால் மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள், யோசிக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலையும், சிறுநீர்க்குழாய் குறுகும் மூன்று இடங்களையும் பத்து நிமிட வீடியோவாக்கி மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரம் நோயாளிக்கு.

வகுப்பில் ஆறாறு பேராக உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுங்கள். இரவு இரண்டு மணி, 35 வயது லாரி ஓட்டுநர், விலாவில் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, எப்படிப் படுத்தாலும் தாங்கவில்லை. நோயின் பெயர் தாளில் இருக்கக் கூடாது. என்ன கேட்பது, எதைப் பரிசோதிப்பது என்று அவர்களே பேசட்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தபோதே கையாண்ட வழி இது. குறுக்கே பேசாமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கடினம், பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தாளில் சி.டி. ஸ்கேன்: 4 மி.மீ. கல். இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து. இதை வேகமாகக் கடந்துவிடலாம்.

மூன்றாம் தாளில் நிதானியுங்கள். அதே ஆள், கல் மட்டும் 7 மி.மீ., 39 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம். மருந்து கொடுத்துக் காத்திருப்பதா, கல்லை உடைப்பதா, அடைப்பைத் திறப்பதா? எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்கட்டும். தவறிய குழுவை முதலில் பேசவிடுங்கள்; அவர்கள் காரணத்தில்தான் பாடம் இருக்கிறது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும்போது ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப்புறம் குழாய் செருகியோ உடனே வடிக்க வேண்டும். கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைத் தவறவிட்டால் உயிர் போகும்.

அடுத்து, ஒருவர் மருத்துவராகவும் ஒருவர் நோயாளியாகவும் பேசிப் பழகட்டும், தமிழில். "பாலை நிறுத்தணுமா டாக்டர்?" என்ற கேள்வி கட்டாயம் வர வேண்டும். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துவைக்கும்; பாலை நிறுத்தினால் ஆக்சலேட் கூடுதலாக உடலில் சேரும் என்பதை எளிய சொற்களில் சொல்லத் தெரிய வேண்டும். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவு தண்ணீரை, வண்டி ஓட்டுகிறவர் எப்போது, எங்கே நிறுத்திக் குடிப்பார் என்றும் கேட்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் ஒரு சிறு தேர்வு. அதே விலா வலி. இம்முறை 68 வயது, புகைபிடிப்பவர், ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. 'கல்' என்று உடனே எழுதியவர்களோடு உட்கார்ந்து, வயிற்று மகாதமனி வீங்கி வெடித்தாலும் இதே வலி வரும் என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.