மேலிமைத் தொய்வும் அதன் சத்திர சிகிச்சையும்

‘கண்ணை இமை காப்பதுபோல’ என்னும் உவமையை நம்மவர் நாடோறும் வழங்குகின்றனர். எழுத்தொலியின் அளவை உணர்த்தப் புகுந்த தொல்காப்பியரும் கண்ணிமைப்பையும் கைந்நொடியையுமே மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். காவலுக்கும் காலத்துக்கும் எடுத்துக்காட்டாகிய இவ்விமையே சிலர்க்குக் காட்சியை மறைக்குந் தடையாதலும் உண்டு. அதனை மேலிமைத் தொய்வு என்பர்.

யான் தொடக்கப் பள்ளியிற் பயின்ற காலத்து என்னருகே இருந்த தோழன் ஒருவனுக்கு வலக்கண்ணின் இமை பாதி மூடியே இருக்கும். அவன் மோவாயை உயர்த்திப் புருவத்தை நெரித்துக் கரும்பலகையை நோக்குவான். ஆசிரியர் அவனைத் தூங்குமூஞ்சி என்று கடிந்தார், வகுப்பினர் நகைத்தனர். நகைத்தவருள் யானும் ஒருவன். அவன்பால் இருந்தது சோம்பலன்று, தசைக்குறையே என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வறிவே இக்கட்டுரைக்குக் காரணம்.

கண்குழியின் உட்கோடியில் தோன்றி, விழியின் மேலாக முன்னோக்கி வந்து, அகன்ற நார்த்தகடாக விரிந்து இமையிற் பொருந்துவது இமைதூக்கித் தசை. மூளையினின்று வரும் மூன்றாம் நரம்பு அதனை இயக்குகின்றது. அதன் கீழுள்ள முல்லர் தசை என்னும் சிறுதசை துணைநின்று, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவு இமையை உயர்த்தும். நலமுற்ற கண்ணில் மேலிமையின் விளிம்பு கருவிழியின் மேலோரத்தை 1 அல்லது 2 மில்லிமீட்டரே மூடிநிற்கும். அதனினுந் தாழ்ந்து பாவையை நெருங்குவதே தொய்வு.

இதன் காரணம் ஒன்றன்று. பிறவியிலேயே தொய்வுடைய குழந்தைகட்குப் பெரும்பாலும் இமைதூக்கித் தசை செவ்வனே அமையாது, நாரும் கொழுப்பும் விரவியிருக்கும். முதியோர்க்கோ தசை நன்றாயிருப்பினும் நார்த்தகடு நெகிழ்ந்து, பொருந்திய இடத்தினின்று நழுவிவிடும். காலையிற் குறைந்து மாலையில் மிகுந்து வரும் தொய்வு, நரம்பின் ஏவல் தசையைச் சென்றடையாத நோயின் குறியாகலாம். அதற்கு முதற்கண் வேண்டுவது மருந்தேயன்றிக் கத்தியன்று. கடுந்தலைவலியோடும் விரிந்த பாவையோடும் திடீரென இமை வீழுமாயின், அது மூளையின் இரத்தக்குழாய் வீக்கத்தைக் காட்டுவதாயும் இருக்கலாம். அப்பொழுது கணமும் தாழ்க்காது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

சத்திர சிகிச்சைக்கு முன் மருத்துவர் புருவத்தை விரலால் அழுத்திக்கொண்டு, நோயாளியைக் கீழும் மேலும் நோக்கச் செய்து, இமை நகரும் தொலைவை அளப்பர். இயல்பான இமை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நகரும். அது 4 மில்லிமீட்டர்க்கு மேற்படாதாயின் தசை மிக நலிந்ததென்று கொள்வர். இவ்வளவே சிகிச்சை முறையைப் பெரிதும் அறுதியிடுகின்றது.

தசைக்குப் போதிய ஆற்றல் உளதாயின், இமையின் மடிப்பிற் கீறி, நார்த்தகட்டை முன்னிழுத்துத் தைப்பர். அல்லது தசையிற் சிறிது வெட்டிக் குறுக்குவர். இவ்வாறு குறுக்கும் முறையை 1883-இல் செருமானிய மருத்துவர் எவர்புஷ் விளக்கினார். சிறு தொய்வாயின், இமையைப் புரட்டி உட்புறத்தினின்றே திசுவைச் சிறிது களைந்து தைப்பர்; அவ்வகையில் ஒரு முறையை 1961-இல் பசனெல்லா, செர்வாத் என்னும் இருவர் வெளியிட்டனர். தசை மிக நலிந்ததாயின், இமையை நெற்றித் தசையோடு பிணைத்துத் தூக்குவர். அதற்குத் தொடையின் புறத்துள்ள வலிய சவ்விற் கீற்றெடுத்து வழங்குதலை 1909-இல் பாயர் என்பார் தொடங்கினார். இந்நாளிற் சிலிக்கோன் இழைகளும் பயன்படுகின்றன.

வளர்ந்தோர்க்கு இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து, இடையே அவரை எழுந்து அமர்வித்து உயரத்தைச் சரிபார்த்தல் கூடும். குழந்தைகட்கு முழு மயக்கம் அளித்தல் வேண்டும்.

அளவே இங்கு உயிர்நிலை. குறைவாகத் தூக்கின் தொய்வு எஞ்சும். மிகுதியாகத் தூக்கின் கண் மூடாது, கருவிழி உலர்ந்து புண்படும். ஆதலின், கண் மூடுங்கால் விழி மேனோக்கிச் சுழல்கின்றதா என்பதையும் மருத்துவர் முன்னரே ஆராய்வர். அச்சுழற்சியே மூடாத இமையின்கீழ்க் கருவிழிக்குக் காப்பாகும். சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்தும் களிம்பும் இட்டுக் கண்ணை ஈரமாக வைத்தல் இன்றியமையாதது.

குழந்தைகள்பாற் காலந்தாழ்த்தல் பெருந்தீங்காம். பார்வையென்பது விழியும் மூளையும் கூடி இளமையிலே பயிலும் கல்வி. அப்பருவத்திற் பாவை மறைபட்டிருப்பின் அக்கண் பார்க்கக் கல்லாது நின்றுவிடும். பின்னர் இமையை உயர்த்தினும் இழந்த பார்வை முற்றும் மீளாது. எனவே, பாவை மறைந்த குழந்தைக்கு மருத்துவர் விரைந்து சிகிச்சை செய்வர். பார்வை தடைப்படாதாயின் சில ஆண்டு பொறுத்துச் செய்தலும் உண்டு. எவ்வாறாயினும், கண்டவுடனே காட்டுதல் பெற்றோர் கடன்.

நம்முள் பலர் நாளை ஆசிரியராகச் செல்வோம். மோவாயை உயர்த்தி நம்மை நோக்கும் சிறுவன் ஒருவன் நம் வகுப்பில் இருப்பானாயின், அவனைக் கடியுமுன் அவன் இமையை நோக்குவோமாக. அன்று யாம் நகைத்த நகைக்கு அதுவே கழுவாயாகும்.