குறட்டையும் குடித்தனமும்

கடைக் கணக்கை எழுதியவரே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது. வேறொருவர் பார்க்க வேண்டும். இது நாம் அறிந்ததே. உறக்கத்தின் கணக்கும் அத்தகையதே. குறட்டை விடுகிறவர் தம் குறட்டையைக் கேட்பதில்லை, "நானாவது, குறட்டையாவது!" என்று சாதிப்பார். அருகில் படுத்திருக்கும் துணைக்கே உண்மை தெரியும். ஆயினும் மரியாதை கருதி மனைவிமார் பலர் வாய் திறப்பதில்லை. திறந்தாலோ வீட்டில் சண்டை, அல்லது சிரிப்பு. அவர்கள் சொல்வதைப் புகாராகக் கொள்ளாமல் சாட்சியமாகக் கொள்ள வேண்டுமென்பதே நம் கருத்து.

முதலில் குறட்டை உண்டாகும் விதத்தைப் பார்ப்போம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை குறுகுகிறது. அதன் வழியே காற்று செல்கையில் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்த ஓசையே குறட்டை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னே சரிந்து பாதையை மேலும் அடைக்கும். பருத்த கழுத்து, மூக்கடைப்பு, புகைப் பழக்கம், தூக்க மாத்திரை ஆகியவை அதை வளர்க்கும். இது ஆண்களுக்கே உரியதென்று எண்ண வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது கூடுவதுண்டு.

வெறும் சத்தமாயின் கவலை குறைவு. ஒருக்களித்துப் படுத்தல், தலைப்புறத்தை உயர்த்துதல், எடையைக் குறைத்தல், சிகரெட்டை விடுதல் இவற்றால் பலருக்குத் தணியும். துணைவர் முந்தி உறங்கிவிடுவதும் நல்ல உபாயம்.

ஆனால் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சத்தத்தை அன்று, சத்தம் நிற்பதை. குறட்டை சட்டென ஓய்ந்து, மூச்சும் 10 வினாடியோ அதற்கு மேலோ நின்று, பின் திணறலோடு திரும்பினால், அது உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். "அப்பாடா, ஓய்ந்தது" என்று துணை நிம்மதி கொள்ளும் நேரமே ஆபத்தான நேரம். மணிக்கு 5 தடவை இவ்வாறு நேர்ந்தால் மருத்துவர்கள் நோய்க்கணக்கில் சேர்ப்பார்கள். 30 தடவையானால் கடுமையென்பார்கள். இரத்த அழுத்தமும் இருதய நோயும் இதனுடன் சேர்ந்து வருவதுண்டு. காலையில் தலைவலி, கல்லாவில் அமர்ந்தபடியே தூக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். சரக்கு லாரி ஓட்டுபவர் நெடுஞ்சாலையில் கண்ணயர்ந்தால் வரும் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஆகவே, துணைவர் சில இரவுகள் கைப்பேசியில் ஓசையைப் பதிவு செய்து, மூச்சு நின்ற விவரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் உடன் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமும், மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கும் உள்ளன. தேவையாயின் உறக்கப் பரிசோதனைக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் டாக்டர் காலின் சலிவனும் அவர் குழுவினரும் 1981இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். தொடக்கத்தில் இடைஞ்சலாகத் தோன்றினாலும் விடாது அணிந்தால் நோயாளிக்கும் உறக்கம், துணைக்கும் உறக்கம்.

தனி அறையில் படுப்பது அவமானமன்று. ஆனால் சாட்சி அறையை விட்டுப் போகுமுன் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும்.

நாளைக் காலை பசியாறும்போது, "இரவில் என் மூச்சு எப்படி இருந்தது?" என்று வீட்டில் கேளுங்கள். வரும் பதிலைக் கேட்டுச் சினங்கொள்ளாதீர்கள்.