பட்டம் பெற்று பத்து ஆண்டுகளுக்குப் பிறகு

பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் மாணவர்கள் பலர் ஓர் அட்டவணையைத் தேடிப் பார்ப்பார்கள். எந்தத் துறையில் படித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை அது காட்டும். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தங்கள் பட்டதாரிகளிடம் நடத்தும் வேலைவாய்ப்பு ஆய்வின் முடிவுகளே அவை. பாடத்திட்டத்தைக்கூடப் பார்க்காமல், சம்பளம் இருக்கும் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, “இந்தப் படிப்பு வேண்டாம்” என்று முடிவு செய்யும் பெற்றோரும் உண்டு.

அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால், இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய 6 மாதங்களில் திரட்டப்பட்ட எண்கள் அவை. சட்டம், மருத்துவம், கட்டடக்கலை போன்ற துறைகளில் படித்தவர்கள் அப்போது இன்னும் தொழிற்பயிற்சியில் இருப்பார்கள். அதனால், பயிற்சி முடிந்த பின்னரே அவர்களிடம் தனியாக விவரம் கேட்கப்படுகிறது. எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் அளக்க முடியாது என்பதை ஆய்வு நடத்துவோரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

6 மாதங்களுக்குப் பதிலாக 10 ஆண்டுகள் கழித்துக் கேட்டால் என்ன தெரியவரும்? அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரேசி நெராட், ஜோசப் செர்னி ஆகிய இருவரும் 1990களில் இதைச் செய்து பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஏறக்குறைய 6,000 பேரிடம் அவர்கள் விவரம் கேட்டார்கள். 61 பல்கலைக்கழகங்கள், 6 துறைகள். கணிதம், கணினி அறிவியல் படித்தவர்களும் ஆங்கில இலக்கியம் படித்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றால் வேலை கிடைக்காது என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் நிரந்தரப் பேராசிரியர் பதவியில் இருந்தார்கள். அந்த நிலையை அடைய அவர்களில் பலருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன; முதலில் கிடைத்தது தற்காலிக வேலைதான். பட்டம் பெற்ற 6ஆம் மாதத்தில் கேட்டிருந்தால், இவர்களும் “நிரந்தர வேலை இல்லாதவர்கள்” என்ற கட்டத்தில்தான் எண்ணப்பட்டிருப்பார்கள்.

வணிக நிறுவனங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்குச் சென்றவர்களும் இருந்தார்கள். பேராசிரியராகாதவரைத் தோற்றுப்போனவராகப் பார்ப்பது பல்கலைக்கழகங்களின் பழைய வழக்கம். அது நியாயமற்ற வழக்கம் என்றே சொல்ல வேண்டும். பிழையின்றி எழுதவும், குழப்பமான செய்தியை ஆராய்ந்து தெளிவாக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டது அங்கும் பயன்படும் அல்லவா?

படிப்பை எப்படி மேம்படுத்தலாம் என்றும் இத்தகைய ஆய்வுகளில் கேட்க முடியும். இதற்குப் பழைய மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஆய்வகத்தில் தனியாக உழைத்துப் பழகியவர், வேலைக்குச் சென்ற பிறகுதான் குழுவாகச் செயல்படத் தெரியவில்லை என்பதை உணர்வார். வேறு வேலைகள் இருப்பதையே தம் துறையில் யாரும் சொல்லவில்லை என்பார் இன்னொருவர். இப்படிப்பட்ட பதில்கள் பல சேர்ந்தால், குழுப் பணியையும் தொழில் வழிகாட்டலையும் படிப்பிலேயே சேர்க்க வேண்டும் என்பது துறைத் தலைவருக்குப் புரியும். சம்பளக் கட்டத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது.

இத்தகைய ஆய்வு எளிதன்று. 10 ஆண்டுகளில் முகவரி மாறும், தொலைபேசி எண் மாறும், சிலர் நாடே மாறிவிடுவார்கள். நல்ல வேலையில் இருப்பவர் மகிழ்ச்சியுடன் பதில் அனுப்பலாம். வேலை தேடிச் சலித்தவர் கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம். அப்படி நடந்தால், ஆய்வின் முடிவு உண்மை நிலையைவிட அழகாகத் தெரியும். பட்டம் பெறாமல் பாதியில் விலகியவரின் பெயரோ பட்டதாரிகள் பட்டியலிலேயே இருக்காது. அந்தப் பட்டியலைப் பார்த்து அனுப்பப்படும் கேள்வித்தாள் அவர் வீட்டுக்குச் செல்வதில்லை.