ஒற்றைக் கொட்டைக்கு ஏன் கூடுதல் விலை?

கேள்வி: விருதுநகரில் நாங்கள் வழக்கமாகக் காபித்தூள் அரைத்து வாங்கும் கடையில், "பீபெர்ரி அபூர்வ ரகம், விலை கூடத்தான் செய்யும்" என்கிறார் அண்ணாச்சி. இந்தச் செடி முதலில் எங்கே தோன்றியது? எந்த மலையில் விளைகிறது?
– திருத்தங்கல் வாசகி

பதில்: பீபெர்ரி என்று ஒரு செடியே கிடையாது. அண்ணாச்சி சொன்னதில் 'அபூர்வம்' ஓரளவு சரி. 'ரகம்' என்பதுதான் தப்பு.

காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால் உட்பக்கம் தட்டையாகிவிடும். சில பழங்களில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமலோ வேறு காரணத்தாலோ ஒரு சூல் வளராமல் நின்றுபோகும். மிஞ்சிய கொட்டை மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். நிலக்கடலையில் ஒற்றைப் பருப்புக் காய் வருகிறதே, அந்தக் கதைதான். எல்லாக் காபிச் செடியிலும் இது உண்டு. நூற்றுக்குச் சுமாராக ஐந்து முதல் பத்து வரை. பீபெர்ரியையே விதைத்து வளர்த்தாலும், அந்தச் செடியில் பெரும்பாலும் இரட்டைக் கொட்டைப் பழம்தான் காய்க்கும்.

அதைத் தனிச் சரக்காக்குவது சல்லடை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களில் பறித்த காபி தோல் நீக்கி, காய்ந்து, க்யூரிங் ஆலைக்கு வரும். அங்கே பெரிய கொட்டை 'ஏ', அடுத்தது 'பி', பிறகு 'சி' என்று பிரிப்பார்கள். உருண்டையானவை நீளத் துளைச் சல்லடையில் தனியே விழும்; அவைதான் 'பி.பி.'. கூடுதல் விலை இந்தப் பொறுக்கலுக்கும், கிடைக்கும் அளவு குறைவு என்பதற்கும்தான்.

ருசி? இரண்டு கொட்டைக்குப் போக வேண்டிய சாரம் ஒன்றுக்கே போகிறது என்று வியாபாரத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாகப் புரண்டு சீராக வறுபடும் என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். மற்றபடி ருசியைத் தீர்மானிப்பது செடியும் மலை உயரமும் வறுவலும். ரொபஸ்டாவிலும் பி.பி. உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே கடையில் "பிளான்டேஷன் பி.பி.யா, ரொபஸ்டா பி.பி.யா?" என்று கேளுங்கள். பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. இன்னொன்று: சட்டப்படி காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். நம் சிவகாசிக்காரர்களுக்கு அச்செழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் கண்ணில் படும்! பாதிக்குப் பாதி சிக்கரி போட்டு, சாத்தூர் காராச்சேவோடு குடிக்கப்போகிறவர்கள் பீபெர்ரிக்குக் காசை இறைக்க வேண்டாம்.

கேள்வி: பனாமா கெய்ஷா என்று லட்சக்கணக்கில் ஏலம் போகிற காபி பற்றிப் படித்தேன். நம் நாட்டில் பிறந்த அப்படியொரு ரகம் உண்டா?
– ராஜபாளையம் வாசகர்

பதில்: கெய்ஷாவே எத்தியோப்பியாவிலிருந்து போனதுதான். நம் பங்குக்குச் சொல்வதானால் 'கென்ட்ஸ்'. 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கே காபியை ஒழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. நம் தோட்டங்களும் தப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் சமஸ்தானத்தில் கென்ட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர், நோயைத் தாங்கி நின்ற செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். அவர் பெயரே ரகத்துக்கு நிலைத்தது. கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. துரு பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. புதிய வகைகள் தோன்றியதும் கென்ட்ஸ் தோற்றது. கோப்பையில் அதன் சுவைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது; ஆனால் கலப்பில்லாத கென்ட்ஸ் இப்போது சில தோட்டங்களில்தான் மிச்சம்.

அதற்காக அது அற்றுப்போனதாக நினைக்க வேண்டாம். சிக்மகளூர் மாவட்டத்துப் பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையத்தில், லைபீரிக்கா காபியின் ரத்தம் கலந்த எஸ்.288-ஐ கென்ட்ஸோடு சேர்த்து எஸ்.795 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். 1940-களில் வெளிவந்த அந்த எஸ்.795, இந்திய அராபிகாத் தோட்டங்களில் இன்றும் பரவலாக நிற்கிறது. உங்கள் ஊர்க் கடையில் வாங்கும் பிளான்டேஷன் ஏ-யிலேயே கென்ட்ஸின் வாரிசு இருக்க வாய்ப்பு அதிகம்.