புதிய உவர்நீர்த் தொட்டியும் நீர் மாற்றும் முறையும்

அனுப்பம்பட்டு, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் நிலமுடைய குடியானவர்களுக்குப் பழவேற்காட்டு ஏரி அண்மையிலுள்ளது. கொடுவாக் குஞ்சுகளை முதலில் உவர்நீர்த் தொட்டியில் வளர்த்து, பின்னர்ச் சிறிது சிறிதாக நன்னீருக்குப் பழக்கிக் குளத்தில் விடலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-ல் கொடுவாவை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டனர். ஆயின், நூதனமாய்க் கட்டிய தொட்டியில் நீரை நிரப்பிய மறுநாளே குஞ்சுகளை விடுவோர் அவற்றை இழக்க நேரும். நீர் தெளிவாயிருந்தும் குஞ்சு மடிவது ஏன்? நீரை எப்போது மாற்றவேண்டும், எப்போது மாற்றலாகாது? இவற்றை இங்கே விளக்குவோம்.

கிருமிகளின் வேலை

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சி அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. ஒருவகை நுண்கிருமிகள் அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொருவகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மிகுதியாகச் சேராதவரை மீனுக்குத் தீங்கு சிறிதே. இஃது உழவருக்குப் புதிய விஷயமன்று. புன்செய்ப் பயிருக்கு இடும் அம்மோனியம் சல்பேட் மண்ணில் நைட்ரேட்டாவதும் இத்தகைய கிருமிகளாலேயே.

1877-ல் பிரான்சு தேசத்து அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை மெல்ல ஒழுகவிட்டனர். சுமார் 20 நாள் வரையில் அம்மோனியா மாறவில்லை. பிறகே நைட்ரேட் தோன்றிற்று. குளோரோபாரத்தைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோயிற்று. ஆகவே இஃது உயிருள்ளவற்றின் வேலை என்பதும், அவை பெருகுவதற்குக் காலம் வேண்டும் என்பதும் விளங்கின. தொட்டிக்கும் இதுவே விதி. உவர்நீரில் 4 முதல் 6 வாரமும், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம்.

தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

சிமெண்டுத் தொட்டியாயின், முதலில் நன்னீரைப் பல தடவை நிரப்பி வடித்துச் சுண்ணாம்புக் காரத்தைப் போக்கவேண்டும். பிறகு அடியில் கழுவிய கிளிஞ்சலைப் பரப்புக. கிருமிகள் நீரில் மிதப்பதைவிடக் கிளிஞ்சல், கல், சுவர் ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டியே பெரும்பாலும் வாழ்வன. ஏரியின் நீரை மெல்லிய துணியால் வடிகட்டி நிரப்புக. கறியுப்பைக் கரைத்துவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துக்கள் அதில் போதா. காற்றூட்டும் பம்பு இரவும் பகலும் ஓடவேண்டும். அக்கிருமிகளுக்கும் பிராணவாயு அவசியம்.

மீன் இல்லாத தொட்டியில் கிருமிக்கு உணவாகச் சுத்தமான நவச்சாரம் இடலாம். 1,000 லிட்டருக்கு 8 கிராம் இட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் நைட்ரஜன் சேரும். வண்ணம் மாறிக் காட்டும் சோதனை மருந்தால் வாரம் இருமுறை பார்த்து, அம்மோனியா தீர்ந்தபின் மறுபடியும் இடுக. அவ்வாறு இட்ட ஒரு நாளுக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் மறைந்துவிடுமாயின் தொட்டி பக்குவமாயிற்று. பழகிய தொட்டியிலிருந்து ஒரு கூடைக் கிளிஞ்சல் கொணர்ந்து போட்டால் காலம் குறையும். அத்தொட்டியில் நோயில்லை என்று அறிந்த பின்னரே அங்ஙனம் செய்க.

நீர் மாற்றும் சமயம்

மீன் இல்லாதபோது, அம்மோனியா ஏறுவது கண்டு அஞ்சி நீரை இறைக்கவேண்டுவதில்லை. இறைத்தால் கிருமிகள் அவ்வளவாய்ப் போய்விடா. ஆயின் அவற்றின் உணவு குறையும், செலவும் வீணாம். நவச்சாரத்தை அளவு மீறி இட்டுவிட்டால் மட்டும் ஒரு பங்கு மாற்றுக. பக்குவமான பின், சேர்ந்துள்ள நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீரை மாற்றிவிட்டுக் குஞ்சுகளை விடுக.

மீன் இருக்கும்போதோ காரியம் வேறு. அம்மோனியா தென்பட்டால் தாமதியாமல் இரையை நிறுத்தி நீரை மாற்றவேண்டும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் 3 மில்லிகிராம் 2 ஆகும். பாதி மாற்றினால் ஒன்றரையாகும். புதுநீரின் உப்பும் வெப்பமும் தொட்டிநீரை ஒத்திருத்தல் வேண்டும். பழவேற்காட்டு நீரின் உப்பு மழைக்காலத்தில் மிகக் குறைந்தும், கோடையில் கடலினும் மிகுந்தும் காணப்படுமாதலால், ஒவ்வொரு தடவையும் அளந்து பார்ப்பது அவசியம். கிளிஞ்சலைக் கழுவ நேர்ந்தால் இறைத்த தொட்டிநீரிலேயே அலசுக. குளோரின் கலந்த குழாய்நீர் கிருமிகளைக் கொல்லும்.

வெயிலில் வற்றிய அளவை உவர்நீரால் நிரப்புவது தவறு. நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். ஆதலின் அக்குறையை நன்னீரால் நிரப்புக.

இறைத்த நீர் எங்கே போவது?

லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள 1,000 லிட்டர்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை இறைத்தால், ஏறக்குறைய 7 கிலோ உப்பு வெளிவரும். அதனை வாய்க்காலில் விட்டால் நெல்வயல் கெடும். மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தமை 1960-களின் பிற்பகுதியிலேயே அறியப்பட்டது. அந்நிலத்தின்மேல் நாமும் உப்பைக் கொட்டலாமா? தார்ப்பாய் விரித்த ஆழமற்ற குழியில் அந்நீரை உலரவிட்டு, உப்பை வாரி அப்புறப்படுத்துக.

கடல், கழி ஆகியவற்றின் உயரலைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உவர்நீர்ப் பண்ணை நடத்துவோர், 2005-ஆம் வருஷத்துக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்வது நலம்.

சுருங்கக் கூறின், மீன் விடுமுன் பொறுமையே வேலை. மீன் விட்டபின் தாமதமே தீமை. இவ்வேற்றுமையை அறிந்து நடப்பவர் குஞ்சையும் காப்பர், நிலத்தையும் காப்பர்.