மூன்றாம் வருடம் எங்கே?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 506 வாங்கியிருக்கிறான். எம்.டி. கல்லூரிகள் எதுவும் கூப்பிடவில்லை. இரண்டு டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரிகள் இடம் கொடுத்திருக்கின்றன. ஒன்று நாற்பது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. மற்றது அண்மையில் தொடங்கியது, கட்டடம் கண்ணைப் பறிக்கிறது. மதுரையிலிருந்து உங்கள் அண்ணன் போன் செய்து, ‘அது எலும்பு நீவிவிடுகிற படிப்புதானே?’ என்று கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சீட்டை விட்டுவிட்டு இன்னொரு வருடம் எம்கேட்டுக்குப் படிக்கச் சொல்லலாமா, சேர்ப்பதென்றால் இரண்டில் எந்தக் கல்லூரிக்குப் பேர் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சிக்கு வரும் விண்ணப்பங்களை வருடாவருடம் படிக்கிறவன், பிள்ளைகளை வார்டில் வைத்துப் பழக்குகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணனுக்கான பதிலை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் ஆஸ்டியோபாத் என்றால் கையால் சிகிச்சை தருகிறவர். மருந்து எழுத முடியாது, அறுவை செய்ய முடியாது. அமெரிக்காவில் டி.ஓ. முழு மருத்துவர். எம்.டி. செய்யும் எதையும் ஐம்பது மாநிலங்களிலும் செய்ய அவருக்கு உரிமை உண்டு. பைடன் அதிபராக இருந்தபோது அவருக்கு மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானர் டி.ஓ.தான். டிரம்புக்குக் கொரோனா வந்தபோது கூட இருந்து கவனித்த ஷான் கான்லியும் டி.ஓ.தான். 2023-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த, மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உள்ள முதியவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், எம்.டி. கவனித்தவர்களில் 9.4 விழுக்காடு, டி.ஓ. கவனித்தவர்களில் 9.5. நோயாளிக்கு வித்தியாசம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனாலும் அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அக்கால மருத்துவம் பெரிதும் பாதரசத்தையும் அபினையும் நம்பியிருந்தது. மனம் வெறுத்து, உடலமைப்பைச் சீர்செய்தால் நோய் தீரும் என்று வேறு வழி தேடிப் போனவர், 1892-இல் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் கல்லூரி தொடங்கினார். பெண்களை முதல் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார். 1910-இல் வெளிவந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைக் கிழித்துப் போட்டபோது ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் அவை மருந்தியல், அறுவை, ஆய்வகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு மற்றக் கல்லூரிகளைப் போலவே ஆயின. சமூகம் ஒப்புக்கொள்ளத்தான் வெகுகாலம் பிடித்தது. ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக எடுத்துக்கொண்டது 1966-இல்தான்.

1962-இல் கலிஃபோர்னியாவில் நடந்ததை நான் என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். அந்த மாநிலத்து எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் ஒன்றாக இணைய முடிவு செய்தன. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாகப் பெயர் மாற்றிக்கொண்டது. 2,000-க்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் ஆளுக்கு 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை டி.ஓ.வாக இருந்தவர் செவ்வாய்க்கிழமை எம்.டி. அதே ஆள், அதே கை, அதே நோயாளி. அந்தக் கல்லூரிதான் இன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் மருத்துவக் கல்லூரி. அதில் இடம் கிடைத்தால் நம்மவர்கள் ஊர் முழுக்க இனிப்பு கொடுப்பார்கள். பட்டத்தின் இரண்டு எழுத்தை வைத்துக் கல்லூரியை எடைபோடுவது எவ்வளவு மேலோட்டமான வேலை என்று இதைப் படித்தபின் உங்களுக்கே தோன்றும்.

அப்படியானால் டி.ஓ. கல்லூரிகள் எல்லாம் ஒன்றுதானா? இல்லவே இல்லை. அவற்றுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு வெளியில் தெரிவதைவிடப் பெரிது, அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் தரப்பட்டியலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதை ஒதுக்கிவையுங்கள். 2023-இல் ஹார்வர்டே அதிலிருந்து விலகியது. மறு வருடம் அந்தப் பத்திரிகையே ஒன்று, இரண்டு என்று வரிசை போடுவதை விட்டுவிட்டது. அங்கீகாரத்தையும் ஒரு எல்லை வரைதான் நம்பலாம். டி.ஓ. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு கோக்கா. புதுக் கல்லூரிக்கு முன் அங்கீகாரம் மட்டும் கிடைக்கும். முழு அங்கீகாரம் முதல் வகுப்பு பட்டம் பெறும் சமயத்தில்தான் வரும். அங்கீகாரம் என்றால் படிப்பு செல்லும் என்று பொருள். படிப்பு எப்படி என்பதற்கு நாம்தான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடற்கூறும் மருந்தியலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பிள்ளைகள் பாதி நேரம் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தே படித்துவிடுகிறார்கள். டி.ஓ. மாணவர்களுக்குக் கையால் செய்யும் சிகிச்சைப் பாடம் சுமார் இருநூறு மணி நேரம் கூடுதல். அதில் இடுப்புவலிக்கான முறைகள் பயனுள்ளவை. மண்டையோட்டு எலும்புகளை அசைப்பதாகச் சொல்லும் பகுதிக்குச் சான்று இல்லை என்பதே என் கருத்து.

கல்லூரியின் தரம் வெளிப்படுவது மூன்றாம் வருடத்தில். பிள்ளை நோயாளியிடம் போவது அப்போதுதான். டி.ஓ. கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. ஏதேதோ ஊர்களில் உள்ள மருத்துவமனைகளோடும் கிளினிக்குகளோடும் ஒப்பந்தம் போட்டுப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்புகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று கட்டடத்தைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு யாரும் காட்டுவதில்லை.

இரண்டு மாணவிகளை வைத்துச் சொல்கிறேன். ஒருத்திக்கு ரெசிடெண்டுகள் உள்ள மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் ரொட்டேஷன், அதாவது அந்தப் பிரிவில் சில வாரப் பயிற்சி. காலை ஐந்தரைக்கு வார்டுக்கு வந்து தன் நான்கு நோயாளிகளையும் தானே பார்க்கிறாள். இரவு எவ்வளவு சிறுநீர் போயிற்று, பொட்டாசியம் எவ்வளவு, காலில் வீக்கம் குறைந்ததா என்று குறித்துக்கொள்கிறாள். எட்டு மணிக்கு ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் சொல்கிறாள். ‘லேசிக்ஸ் மருந்தை ஏன் கூட்டச் சொல்கிறாய்?’ என்று ரெசிடெண்ட் மடக்குகிறார், திணறுகிறாள், மறுநாள் படித்துவிட்டு வருகிறாள். இன்னொருத்தி ஒரு தனி டாக்டரின் கிளினிக்கில் ஒன்பது மணிக்கு வந்து, அவர் பின்னாலேயே நின்று, அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகிறாள். அவரும் நல்லவர்தான், நாளைக்கு இருபத்தைந்து நோயாளி பார்க்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. எட்டு வாரம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். நான்காம் வருடத்தில் என் வார்டுக்கு வரும்போது, ஒரு நோயாளியைப் பற்றி முழுதாகச் சொல் என்றால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது யார் எங்கே பழகினார்கள் என்று. இரண்டாமவள் அறிவில் குறைந்தவள் அல்ல. அவளுக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று லட்சம் டாலர் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இது நடப்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே இரண்டு கல்லூரிகளிடமும் கேட்க வேண்டியது இதுதான். மூன்றாம் வருட ரொட்டேஷன்கள் எந்தெந்த மருத்துவமனைகளில்? அங்கே ரெசிடென்சி பயிற்சி நடக்கிறதா? இன்டர்னல் மெடிசினும் அறுவையும் உள்நோயாளிப் பிரிவில்தானா? ஊர் எப்படி ஒதுக்குகிறார்கள், குலுக்கலா? இடையில் ஊர் மாற வேண்டுமா, வீட்டு வாடகை யார் தலையில்? ‘எங்களுக்கு எட்டு மாநிலங்களில் இடம் இருக்கிறது’ என்று பெருமையாகச் சொன்னால், அதைப் பலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் பிள்ளைகளை அனுப்ப உள்ளூரில் இடம் போதவில்லை என்றுதான் பொருள்.

எண்களையும் பாருங்கள், ஆனால் கவனமாக. மாணவர் தேர்ச்சியையும் ரெசிடென்சியில் சேர்ந்த விகிதத்தையும் வெளியிட வேண்டும் என்று கோக்கா விதித்திருப்பதால் கல்லூரியின் வலைப்பக்கத்திலேயே கிடைக்கும். 98, 99 விழுக்காடு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ‘பிளேஸ்மென்ட்’. ரெசிடென்சி இடங்களை நாடு முழுவதும் ஒதுக்கும் மேட்ச்சில் இடம் கிடைக்காமல், அந்த வாரமே மிச்சமிருக்கும் இடங்களுக்கு அடித்துப் பிடித்து விண்ணப்பித்து, கிடைத்ததில் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். ஒரே வருடப் பயிற்சி இடத்தில் தொற்றிக்கொண்டு, அடுத்த வருடம் எங்கே என்று தெரியாமல் இருப்பவர்களும் அடக்கம். மேட்ச் விகிதம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 2024-இல் நாடு முழுவதுக்குமான கணக்கு எம்.டி. மாணவர்களுக்கு 93.5, டி.ஓ. மாணவர்களுக்கு 92.3. அதற்கு மேலா கீழா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், கல்லூரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே வருடத்தில் முடித்தார்கள் என்பது. நூற்றைம்பது பேரைச் சேர்த்து, தடுமாறுகிறவர்களை வழியிலேயே இறக்கிவிட்டு, மிஞ்சியவர்களை மட்டும் கணக்கில் காட்டினால் எந்தக் கல்லூரியின் விகிதமும் பளபளக்கும். டி.ஓ. மாணவர்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் விகிதத்தை ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்காமல் நான்கைந்து வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். சரிந்துகொண்டே வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். 2020-இல் இரு தரப்பு ரெசிடென்சிகளும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன, கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் நரம்பியல் அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் மருத்துவம் போன்றவற்றில் டி.ஓ. பிள்ளைகளுக்கு இன்னும் மேடுதான். சில இடங்களில், எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. மதிப்பெண் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. ஆகவே காம்லெக்ஸோடு அதையும் எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். இரண்டு கட்டணம், இரண்டு மடங்கு அழுத்தம். அவன் மனம் இப்போதே நரம்பியல் அறுவையில் நின்றுவிட்டது என்றால் மட்டும் ஒரு வருடம் காத்திருப்பதைப் பற்றி யோசிக்கலாம். உள்நோய், குழந்தை, குடும்பம், மனநலம், அவசரச் சிகிச்சை, மயக்கவியல் என்று போகிறவனுக்கு அந்த வருடம் வீண். அதோடு, கையில் வந்த சீட்டை உதறியவன் மறுபடி விண்ணப்பித்தால் ஏன் உதறினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே அந்த 50,000-ஐத் தாண்டும். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன்தான், வட்டியும் கூடுதல். ஃபோர்ட் வொர்த்தில் உள்ள டெக்சஸ் அரசுக் கல்லூரியில் உள்மாநிலப் பிள்ளைகள் கட்டுவது இதில் பாதிகூட வராது. உங்கள் மாநிலத்திலேயே ரோவன் பல்கலைக்கழகத்தின் அரசுக் கல்லூரி இருக்கிறது. அங்கே காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் கடைசி நாள் வரை விடாமல் பாருங்கள். 2008-இல் கொலராடோவில் ராக்கி விஸ்டா தொடங்கியதிலிருந்து லாப நோக்குக் கல்லூரிகளும் இத்துறையில் இருக்கின்றன. லாபம் என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். உரிமையாளர் யார் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

பழைய கல்லூரியா, புதியதா? மற்றதெல்லாம் சமம் என்றால் நான் பழையதைத்தான் எடுப்பேன். நாற்பது வருடமாகப் பட்டம் பெற்றவர்கள் இன்று ரெசிடென்சி இயக்குநர்களாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் ‘போன வருடம் வந்த பையன் நன்றாகச் செய்தான்’ என்று நினைவு வரும். நீங்கள் கேட்ட பேர் என்பது எங்கள் அறையில் அவ்வளவுதான். ஆனால் புதியதெல்லாம் மோசம் என்றும் இல்லை. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் செரோக்கி இனத்தாரோடு சேர்ந்து டாலெக்வாவில் 2020-இல் தொடங்கிய கல்லூரி, பழங்குடி மருத்துவமனையின் பக்கத்திலேயே இருக்கிறது. எதற்காக, யாருக்காகத் தொடங்கினோம் என்று தெரிந்து நடத்துகிற இடம் அது. உங்கள் பட்டியலில் உள்ள புதுக் கல்லூரிக்கும் அதே ஊரில் ரெசிடென்சியோடு கூடிய மருத்துவமனை இருந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்.

முன்பணம் கட்டுவதற்குள் மகனை இரண்டு கல்லூரிகளின் மூன்றாம் வருட மாணவர்களோடும் பேசச் சொல்லுங்கள். அட்மிஷன் அலுவலகம் அனுப்பிவைக்கும் முகம் மலர்ந்த மாணவத் தூதரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவனாகத் தேடிப் பிடிக்கட்டும், நம் தமிழ்ச் சங்கங்களில் விசாரித்தாலே இரண்டொருவர் கிடைப்பார்கள். ‘நேற்று நீங்களாகவே எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். மருத்துவமனைகளின் பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன். மகனுக்கு என் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்